மேஸ்திரி தொப்பை

ஜூன் 4

அண்ணனுக்கு,

நீங்கள் சுகமாக இருப்பதாகக் கேள்வி. போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை என்றும் கேள்வி. அதனால்தான் கடிதம். உறவு கொண்டாட எழுதவில்லை, ஆஸ்பத்திரி வேலையாக எழுதுகிறேன்.

எங்கள் எக்ஸ்ரே அறைக்குப் புது மெஷின் வரப்போகிறது. பழையதைவிடப் பலமானது. அதற்கு முன்னால் அறையைச் சோதிக்கக் கதிர் பாதுகாப்பு அதிகாரி ஒரு பெண் வந்தார். கையில் மீட்டரை வைத்துக்கொண்டு அறையைச் சுற்றி வந்தவர், வெளி நடைப்பக்கத்துச் சுவரில் கதிர் கசிகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அறை பூட்டிக் கிடக்கிறது. கை கால் முறிந்து வருகிறவர்களை இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போகச் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

காண்ட்ராக்டர் சுவரைச் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "இதுல ஈயமே இல்லம்மா. வெறும் கல்மாவு. இத்தனை வருஷம் உங்க காதுல பூ சுத்தியிருக்காங்க" என்கிறார். இந்த மாதம் 28ஆம் தேதி நாலு சுவரின் பூச்சையும் கொத்தி எடுத்துவிட்டு ஈயத்தகடு அடிப்பதாக முடிவு. நாலு மாதம் அறை கிடையாது. எனக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருக்கிறது.

பெரிய டாக்டர் காலமாகிவிட்டார், இப்போது அவர் மகன் சின்ன டாக்டர்தான் எல்லாம். "இந்தச் சுவரைப் பூசினது யாரு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். என் அண்ணன் என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய வரைபடம், காகிதம் எல்லாவற்றையும் கரையான் தின்றுவிட்டது. அதனால் இருபத்தெட்டு வருடத்துக்கு முன் அந்தச் சுவரில் என்ன பூசினீர்கள், எவ்வளவு கனம் என்பதை யாரையாவது எழுதச் சொல்லி, கீழே கைநாட்டு வைத்து அனுப்பவும்.

இப்படிக்கு,
பொறுப்பாளர், எக்ஸ்ரே பிரிவு

*

ஜூன் 9

மிளகுக்கு,

என் வாயால் சொல்ல, மருமகள் கையால் எழுதும் கடிதம் இது. ஒரு சொல்லையும் திருத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உன் கடிதத்தில் நீங்கள், உங்கள் என்று வந்ததைப் படித்துவிட்டு, "மாமா, இது வேற யாருக்கோ வந்தது போல" என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இல்லம்மா, என் தங்கச்சியேதான். அவளுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்" என்றேன். உனக்கு மிளகு என்று பெயர் வந்த கதையையும் சொன்னேன். இரண்டு நாளாக அதையே சொல்லிச் சிரிக்கிறாள்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். கைநாட்டு எதற்கு, நெஞ்சு நிமிர்த்தியே சொல்கிறேன். அந்தச் சுவரில் ஈயம் ஒரு பொட்டுக்கூட இல்லை. வேண்டாமென்று தெரிந்துதான் போடவில்லை. இளவயதில் நான் பழைய பேட்டரி உருக்கும் பட்டறையில் ஒரு வருடம் இருந்தது உனக்கு நினைவிருக்கும். என் பக்கத்தில் நின்று உருக்கியவனுக்கு முப்பது வயதிலேயே டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை ஆடியது. அவன் கிளாஸை நான்தான் பிடித்துக் குடிக்க வைப்பேன். அதனால் பெரிய டாக்டர் ஈயத்தகடு என்றதும், நான் வேலைக்கே வரவில்லை என்றேன். அவர் கூட்டி வந்த இன்ஜினீயர்தான் பேரியம் மாவைக் காட்டினார். ஒரு பிடி அள்ளினேன். பார்க்க மாவு, தூக்கினால் கல். அதன் கனம்தான் கதிரைத் தடுப்பது, ஈயத்துக்குப் பதில் இதைக் கனமாகப் பூசினால் போதும் என்றார். அந்த அறை உள்ளே பொந்து விட்ட கல்லால் கட்டியது, தனியாக விட்டால் எதையும் தடுக்காது. பூச்சுதான் அதற்குக் கவசம்.

லாரியில் வந்தது அறுபத்திரண்டு மூட்டை. மற்ற சிமெண்ட் மூட்டையில் பாதி உயரம்தான் இருக்கும், எடை மட்டும் அதே எடை. பயில்வான் என்று ஒரு சுமைக்காரன் இருந்தானே, "இது தலையணை மேஸ்திரி" என்று ஒரே தூக்கில் இரண்டை எடுக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மெஷின் மாட்டினதும் நீதான் அவனுக்கு எக்ஸ்ரே எடுத்தாய், அந்த மெஷினில் முதல் படமே அவன் இடுப்பு. இரண்டு மூட்டை மழையில் நனைந்தது, தூர வைத்துவிட்டேன். ஒரு விரல் கனத்துக்கும் குறைவாக ஒரு கோட்டு, அப்படி மூன்று கோட்டு, மொத்தம் ஒரு அங்குலம். அதற்கு மேல் ஒரே தடவையில் போட்டால் தன் எடையிலேயே சரிந்துவிடும். ஏழடி உயரம். ஒரு நாளின் இணைப்பு அடுத்த நாளின் இணைப்புக்கு மேல் வராமல் ஒவ்வொரு கோட்டையும் ஒரு சாண் தள்ளி முடித்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவன் எதையும் மறக்க முடியாது, அவனுக்குக் காகிதம் கிடையாது.

என் சுவர் கசியாது. கசிகிறது என்று மீட்டர் சொன்னால் மீட்டரும் பொய் சொல்லாது. ஆகவே நான் கேட்கிறதற்குப் பதில் எழுது. கசிவு சுவர் முழுக்கவா, ஓரிடத்திலா? ஓரிடம் என்றால் தரையிலிருந்து என்ன உயரம்? அப்புறம், நடைப்பக்கம் நான் விட்டுவந்த புடைப்பு இன்னும் இருக்கிறதா?

உன் அண்ணன்

(அத்தை, மாமா சொல்லாத ஒன்றை நான் சேர்க்கிறேன். உங்கள் கடிதத்தை ஆறு தடவை படிக்கச் சொன்னார். காது கேட்கவில்லையாம்.)

*

ஜூன் 13

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைச் சின்ன டாக்டரிடம் படித்துக் காட்டினேன். மிளகு வருகிற இடங்களை விட்டுவிட்டு.

கேட்டதற்குப் பதில். கசிவு ஒரே ஓர் இடத்தில்தான். ஓர் உள்ளங்கை அகலம். மார்புப் படம் எடுக்க ஆட்களைச் சாய்ந்து நிற்கச் சொல்லும் ஸ்டாண்டுக்கு நேர் பின்னால், நாலடி உயரத்தில். மற்ற இடமெல்லாம் மீட்டர் அசையவில்லை என்பது உண்மைதான். அதிகாரி அம்மாவே, இவ்வளவு பழைய பூச்சு இப்படி நிற்பது அதிசயம் என்றார். ஆனால் காண்ட்ராக்டர் விடவில்லை. "ஒரு இடம் போச்சுன்னா மத்த இடமும் போகும். இடிச்சாதான் நிம்மதி" என்கிறார். 28ஆம் தேதி மாறவில்லை.

புடைப்பைப் பற்றிக் கேட்டீர்கள். கேட்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்றுதான் தெரியவில்லை. வழவழவென்று இருந்த நடைச்சுவரில் மிச்ச மாவையெல்லாம் வீம்புக்கு அப்பிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போனீர்கள். அதன் நடுவில் எவனோ டிபன் மூடியை வைத்து அழுத்தினது போல ஒரு வட்டம் வேறு. வருகிற போகிறவரெல்லாம் கேட்பார்கள், நான் பதில் சொல்லிச் சொல்லி அலுத்தேன். நர்ஸுகள் அதற்கு மேஸ்திரி தொப்பை என்று பெயரே வைத்துவிட்டார்கள். "தொப்பைக்குக் கீழ உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றுதான் நோயாளிக்கு வழி சொல்வது. அந்த மேஸ்திரி யார் என்று புதிதாக வந்த ஒருத்திக்கும் நான் சொன்னதில்லை.

போன மாதம் நடைக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். அப்போது அதைக் கொத்தி எடுத்தாயிற்று. ஒன்றரை நாள் கொத்தினான். மூன்று உளி போனது. பூசத்தான் தெரியவில்லை, பெயர்க்கவாவது வருகிற மாதிரி பூசியிருக்கலாம்.

அந்த ஓரிடத்தில் உன் பூச்சில் ஏதோ குறை இருக்கிறது. அதை நீ ஒப்புக்கொண்டு எழுதினால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தங்கை

*

ஜூன் 17

மிளகுக்கு,

நீ என்று ஆரம்பித்துவிட்டாய். நல்லது.

இப்போது நான் சொல்வதை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. அந்த இடத்தில் உள்பக்கம் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும்.

மூன்றாவது கோட்டு முடிந்த மறுநாள் வீட்டில் காய்ச்சல் என்று தகவல் வந்து நாலு நாள் நான் ஊருக்குப் போனேன். போகும்போது உன்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "இந்தச் சுவருல கை வைக்கறதுன்னா என்னைக் கேட்டுட்டு வை." திரும்பி வந்தபோது மார்பு ஸ்டாண்டை மாட்டி முடுக்கியாயிற்று. வெள்ளை அடித்தாயிற்று. நான் என் வழக்கப்படி விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தேன். கனமாவுப் பூச்சு, அதாவது அந்தப் பேரியம் பூச்சு, தட்டினால் பதில் பேசாது. ஸ்டாண்டுக்குப் பின்னால் கையை விட்டுத் தட்டினேன், டப் என்றது. ஓரத்தில் நகத்தால் சுரண்டினேன், வெள்ளைக்கு அடியில் சாம்பல் சிமெண்ட். ஸ்டாண்டுக்கு வயர் கொண்டுபோக மறந்துவிட்டு, பெட்டி பதிக்கச் சுவரைக் குடைந்து, சாதா சிமெண்டால் மூடியிருந்தார்கள். உள்ளே கல்லின் பொந்து.

பெரிய டாக்டர் இருந்தார். உன் வீட்டுக்காரர் இருந்தார். "யாராவது சுவருல கை வச்சீங்களா?" என்று கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்து, "யாரும் வைக்கல" என்றாய்.

உனக்கு அந்த வேலை கிடைத்துப் பதினோரு நாள். மெஷின் திறக்கப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டாயிற்று. நான் அங்கே வாயைத் திறந்திருந்தால் ஸ்டாண்டைக் கழற்று, சுவரை உடை, யார் சொல்லிக் குடைந்தது என்று ஒவ்வொன்றாக வெளியே வந்திருக்கும். நீ மறுநாளே வீட்டில் உட்கார்ந்திருப்பாய். அதனால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் சுவரை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியுமா? ஸ்டாண்டில் நிற்கிறவன் மார்பைத் தாண்டி வருகிற கதிர் நேராக அந்தப் பெட்டி வழியாக நடைக்குத்தான் போகும். நடையில் பெஞ்சு.

மிச்சம் இரண்டரை மூட்டை இருந்தது. உள்பக்கம் கை வைக்க முடியாது, எனவே வெளிப்பக்கம். கம்பி வலை அடித்து, ஒரு காலைக்கு ஒரு கோட்டு, ஆஸ்பத்திரி திறக்குமுன் மூன்று காலை. இரண்டு அங்குலம் வந்தது. பெட்டி ஓர் உள்ளங்கை என்றால் பூச்சு நாலு பக்கமும் ஒரு முழம் தாண்டி. அந்த மூன்று நாளும் நீ என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை. நாலாம் நாள் நீ அதைப் பார்த்து, "பூசத் தெரியாதவனைக் கூட்டி வந்து என் மானமே போச்சு" என்று சொன்னது பயில்வான் வழியாக என் காதுக்கு வந்தது. அப்போது எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அந்த வட்டம் டிபன் மூடிதான். என்னுடையது. எனக்கு எழுதத் தெரிந்திருந்தால் இதைத் தொடாதே என்று எழுதியிருப்பேன். மூட்டையில் என் அடையாளத்துக்கு வட்டம் போடுவேன், கனமாவு என்று என் ஆட்களுக்குப் புரியும். அதையே சுவரில் போட்டேன். என் ஆட்கள் யாரும் அந்த நடையில் வேலை செய்யப்போவதில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. அது என் தப்பு. இருபத்தெட்டு வருடம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததும் என் தப்பு. நீயாக வந்து சொல்லட்டும் என்று இருந்தேன். நான் மட்டும் என்ன, உன் அண்ணன்தானே.

ஆகவே சுவரை இடிக்க வேண்டாம். ஸ்டாண்டைக் கழற்றினால் போதும். யார் குடையச் சொன்னது என்று நான் எழுதித் தரமாட்டேன். இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டுகிறதும் கிழித்துப் போடுகிறதும் உன் இஷ்டம். எதைச் செய்தாலும் 28க்குள் செய்.

அண்ணன்

*

ஜூன் 24

அண்ணா,

மூன்று நாள் உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். வேலை என்ன வேலை, பூட்டின அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பதுதான். எங்கே உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? அதே பெஞ்சில். கசிவு என்று தெரிந்ததும் எதிர்ச்சுவருக்கு நகர்த்திவிட்டார்கள். எதிரே அந்த இடம் தெரிந்துகொண்டே இருந்தது.

இருபத்தெட்டு வருடமாக நான் மதியச் சாப்பாடு சாப்பிட்டது அந்தப் பெஞ்சில்தான். என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதினது அந்தப் பெஞ்சில். உயரம் வாகாக இருக்கிறது என்று தலையைத் தொப்பையில் சாய்த்துக்கொண்டு தூங்குவாள். தூக்கத்தில் அந்த வட்டம் அவள் கன்னத்தில் பதிந்திருக்கும். அதைப் பார்த்தும் உன்னைத் திட்டியிருக்கிறேன்.

சனிக்கிழமை சின்ன டாக்டர் அறைக்குப் போனேன். அதிகாரி அம்மாவும் காண்ட்ராக்டரும் 28ஆம் தேதி வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். உன் கடிதத்தைக் கொடுக்கவில்லை. கடிதத்தைக் கொடுத்தால் நீ சொன்னதாகத்தான் ஆகும். நானே சொன்னேன். "அந்தச் சுவரைக் குடையச் சொன்னது நான். யாரும் கை வைக்கலன்னு பொய் சொன்னதும் நான். பூசினவர் மேல ஒரு குத்தமும் இல்ல."

சொல்லிவிட்டு நிமிர்ந்தால், மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சின்ன டாக்டர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஸ்டாண்டைக் கழற்றச் சொன்னார். நீ சொன்ன உயரம், நீ சொன்ன சாம்பல். அதிகாரி அம்மா விரலால் தட்டிப் பார்த்தார். டப் என்றது. பக்கத்தில் தட்டினார், பேசவில்லை. திரும்பத் திரும்ப இரண்டையும் தட்டினார். பிறகு காண்ட்ராக்டரைப் பார்த்து, "நீங்க இடிக்கணும்னு சொன்னது இந்தச் சுவரையா, இந்த உள்ளங்கையையா?" என்று கேட்டார். அவர் தன் உளிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

தொப்பையைக் கொத்தின பிறகு சோதனை வரைக்கும் பன்னிரண்டு நாள்தான். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த நாளில் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குப் போனது கவலைப்படுகிற அளவில்லை என்று அதிகாரி அம்மா எழுதிக் கொடுத்தார். இருபத்தெட்டு வருடம் அப்படியே இருந்திருந்தால் என்று நான் கேட்டேன். அதற்கு அவர் கணக்குப் போடாமல், பெஞ்சு முன்பு இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

இடிப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஜூலை 14 மறுசோதனை. அதற்குள் சரிசெய்து மீட்டர் அசையாமல் இருந்தால் சுவர் நிற்கும். அசைந்தால் இடிப்புதான். பேரியம் மாவு வரவழைத்தாயிற்று. இப்போது ஈயம் இல்லாத பலகையாகவும் வருகிறதாம், அதிகாரி அம்மா படம் காட்டினார். எப்படிச் செய்வது என்று நீ சொல். நீயே வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும். ஆனால் உன் முழங்கால் வலி பற்றி மருமகள் தனிச் சீட்டில் எழுதியிருந்தாள்.

என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் சொல்லியிருப்பேன். இதை நீ நம்ப வேண்டும்.

தங்கச்சி

*

ஜூன் 28

மிளகு,

இன்று 28. சுவர் நிற்கிறது. காலையில் எழுந்ததும் அதைத்தான் நினைத்தேன்.

நம்புகிறேன். அன்றைக்கு உனக்கு இருபத்தொன்பது வயது, முன்னால் ஒரு வாழ்க்கை இருந்தது, பயந்தாய். நானும் அந்த வயதில் எதற்கெல்லாமோ பயந்திருக்கிறேன். நான் சொல்லாமல் போனதற்குப் பயம்கூடக் காரணமில்லை, வெறும் ரோஷம். நம் இரண்டு பேரில் யாருடையது பெரிய தப்பு என்று மருமகளைக் கேட்டேன். எழுதுகிற கைக்குக் கருத்துக் கிடையாது என்று நழுவிவிட்டாள்.

பலகையை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல தட்டையான சுவருக்கு, சீக்கிரம் முடிக்க, அதுதான் சரி. ஒரு பலகையின் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறி உட்கார வேண்டும், ஆணித்தலை மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உன்னுடையது குழி. குழியைக் குழைத்த மாவால்தான் அடைக்க முடியும். உள்ளே பெட்டியைப் பிடுங்கச் சொல். வயர் இனி சுவருக்கு மேலேயே ஓடட்டும். சாம்பல் துகள் ஒன்றும் இல்லாமல் கழுவி, பொந்து நிறைய மாவுக் கலவையைத் திணிக்கச் சொல். புது மெஷின் பலமானது என்றாயே, அதனால் வெளியேயும் பழையபடி. அந்த ஓரிடத்தில் டைல்ஸைப் பெயர்த்துவிட்டு வலை, அதன்மேல் ஒரு காலைக்கு ஒரு கோட்டு. பூசுகிறவன் அவசரக்காரனாக இருந்தால் இரண்டு கோட்டை ஒன்றாக ஏற்றுவான், அது அவன் காலிலேயே விழும், நீ பக்கத்தில் நின்றுகொள். ஈரத்துணி ஏழு நாள். முதலில் மூட்டையைத் தூக்கிப் பார். தலையணை மாதிரி வந்தால் திருப்பி அனுப்பு, அது வேறு மாவு.

மீட்டர் அசையாது. 14ஆம் தேதி நான் காலையில் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன். நீயும் பயப்படாதே.

அண்ணன்

*

ஜூலை 15

அண்ணா,

அசையவில்லை.

இதை முதல் வரியாக எழுத வேண்டும் என்று நேற்று மதியத்திலிருந்து காத்திருந்தேன். போன வாரம் மாட்டின புது மெஷினை முழுப் பலத்தில் வைத்து, ஸ்டாண்டு நேராக, பதினாறு தடவை. நடைப்பக்கம் ஒரு சாணுக்கு ஒரு இடமாக அதிகாரி அம்மா மீட்டரை நகர்த்திக்கொண்டே வந்தார். தொப்பைக்கு எதிரே வந்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ணைத் தொறங்கம்மா, இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். அறை திறந்தாயிற்று. இன்று காலை முதல் ஆள் ஒரு சைக்கிள்காரர், மணிக்கட்டு. அவரைப் பஸ் ஏற்றி அனுப்பவில்லை.

பூசினவன் நீ சொன்ன அவசரக்காரனேதான். இரண்டாம் நாளே இரண்டு கோட்டு ஏற்றப் பார்த்தான். நான் ஸ்டூல் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா மேடம்?" என்றான். "இருபத்தெட்டு வருஷ வேலை பாக்கி இருக்கு" என்றேன். முதல் மூட்டையை அவன் தூக்கும்போது பயில்வான் கதையைச் சொல்லி எச்சரித்தேன். தப்பித்தான்.

சின்ன டாக்டருக்கு அந்தப் புடைப்பு பிடிக்கவில்லை. டைல்ஸுக்கு நடுவில் அசிங்கமாக இருக்கிறதாம், மேலே ஒரு படம் மாட்டி மறைக்கலாம் என்றார். மாட்ட ஆணி அடிக்க வேண்டும் என்று அதிகாரி அம்மா சொன்னதும் விட்டுவிட்டார். பெஞ்சு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கடைசிக் கோட்டு ஈரமாக இருந்தபோது என் டிபன் மூடியை வைத்து அழுத்தினேன். உன்னுடையதைவிடக் கொஞ்சம் சின்ன வட்டம்.

உனக்கு எழுத வராது, எனக்கு வரும். அதனால் வட்டத்துக்குள் ஆணி முனையால் எழுதினேன். இதைத் தொடுமுன் கேட்கவும். சின்ன டாக்டர் குனிந்து படித்துவிட்டு, "யாரைக் கேக்கறது? நீங்கதான் ஏழு மாசத்துல போயிடுவீங்களே" என்றார்.

அதற்குக் கீழே இடம் இருந்தது. உன் வீட்டு விலாசத்தை எழுதிவிட்டேன்.

மிளகு